பிணி வருமுன் படியேறிய மருத்துவர்

மேற்படிப்பைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம்மில் பெரும்பாலோர் மருத்துவம், தாதியர் பயிற்சி, ஆசிரியப் பயிற்சி என்ற மூன்றோடு நின்றுவிடுகிறோம். பொதுச் சுகாதாரம் என்றொரு படிப்பு உண்டு என்பதும், அதில் டாக்டர் பட்டம் வரை பெறலாம் என்பதும் பலருக்கு நினைவில் எழுவதில்லை. அப்பட்டத்தை அமெரிக்காவில் முதன்முதலாகப் பெற்ற பெண்மணி சாரா ஜோசபின் பேக்கர் அம்மையார்.

1873-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் நியூயார்க் மாநிலத்திலுள்ள பொக்கீப்சி நகரில் அவர் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். குறைவில்லாத குடும்பம். ஆனால் ஜோசபினுக்குப் பதினாறு வயதானபோது டைபாய்டு காய்ச்சல் தந்தையைக் கொண்டு சென்றது. இனித் தாமே குடும்பத்தைத் தாங்க வேண்டும் என்று எண்ணிய அவர், சுற்றத்தாரின் மறுப்பையும் பொருட்படுத்தாமல் மருத்துவம் பயிலத் துணிந்தார். நியூயார்க்கில் பெண்களுக்கென நடந்த மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1898-இல் வகுப்பில் இரண்டாமவராகத் தேறினார். இடையில் ஒரே ஒரு பாடத்தில் தவறியதும் உண்டு. அது நலமுள்ள குழந்தையைப் பற்றிய பாடம்! வெட்கத்துடன் அதனை மீண்டும் ஊன்றிப் படித்தார். தோற்ற பாடமே அவருடைய வாழ்நாள் பணியாயிற்று என்பதை நினைக்க நமக்கு வியப்பாக இருக்கிறது. தேர்வில் சறுக்கிய மாணவியர் யாரேனும் இதனைப் படிக்கக்கூடும்!

சொந்தமாகத் தொழில் தொடங்கிய முதலாண்டில் அவருக்குக் கிடைத்த வருமானம் 185 டாலர்தான். ஆகவே நகரச் சுகாதாரத் துறையில் ஆய்வாளர் வேலைக்குத் தேர்வெழுதிச் சேர்ந்தார். கோடை வெயிலில் ஹெல்ஸ் கிச்சன் என்ற ஏழைகளின் பகுதியில், மாடி மாடியாக ஏறி இறங்கி, வயிற்றுப்போக்கால் துவண்ட குழந்தைகளைத் தேடிச் சென்றார். சாகும் தறுவாயில் கண்டுபிடித்து என்ன பயன் என்ற கேள்வி அவரை வாட்டியது.

1908-ஆம் ஆண்டுக் கோடையில் அக்கேள்விக்கு விடை தேடும் வாய்ப்புக் கிட்டியது. பள்ளிகள் விடுமுறையில் இருந்ததால் பள்ளித் தாதியர் முப்பது பேரைக் கேட்டுப் பெற்றார். கிழக்குப் பகுதியில் நெருக்கமான ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்தார். பிறப்புப் பதிவேட்டைப் பார்த்து, குழந்தை பிறந்த மறுநாளே தாதி அவ்வீட்டுக்குச் சென்றார். தாய்ப்பால் கொடுத்தல், குளிப்பாட்டுதல், சன்னலைத் திறந்து காற்று வர விடுதல், வெயிலில் கம்பளியைச் சுற்றாதிருத்தல் ஆகியவற்றைச் சொல்லிக் கொடுத்தார். விலையுயர்ந்த மருந்து ஒன்றுமில்லை. முந்திய கோடையைவிட அவ்வட்டாரத்தில் 1,200 குழந்தைகள் குறைவாக இறந்தனர்.

அவ்வாண்டே குழந்தை நலத்துக்கெனத் தனிப் பிரிவு அமைக்கப்பட்டு, அம்மையார் தலைவரானார். ஒரு பெண்ணின் கீழ் வேலை செய்வதா என்று ஆண் மருத்துவர் அறுவர் விலக முன்வந்தனர். ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். பொறுத்தனர்; பின்பு விலகவில்லை.

வேலைக்குப் போகும் தாய்மார் வீட்டில் தங்கையையும் தம்பியையும் கவனித்தவர்கள் பெரும்பாலும் பள்ளிச் சிறுமிகளே. இதனை அறிந்து, பன்னிரண்டு வயது நிரம்பிய சிறுமிகளுக்கு 'சிறு அன்னையர் சங்கம்' நிறுவிப் பயிற்சி அளித்தார். சிறுமிகள் கற்றதைத் தாய்மாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தனர். பிறந்த குழந்தையின் கண்ணில் இடும் வெள்ளி நைட்ரேட் மருந்து புட்டியில் நாள்பட்டு வீரியம் கூடிக் கண்ணையே கெடுத்தது. அதற்கு மாற்றாக, கண்ணுக்கு ஒரு துளி மட்டும் கொள்ளும் தேன்மெழுகுச் சிமிழைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

பட்டத்தின் கதையைச் சொல்ல வேண்டும். நியூயார்க் பல்கலைக்கழகம் குழந்தைச் சுகாதாரம் பற்றி விரிவுரை ஆற்ற அவரை அழைத்தது. அங்கே தாமும் மாணவியாகச் சேர்ந்து பட்டம் பெற விரும்புவதாகக் கூறினார். பெண்களைச் சேர்ப்பதில்லை என்றனர். அப்படியாயின் விரிவுரையும் இல்லை என்று மறுத்துவிட்டார். வேறு தகுதியான விரிவுரையாளர் கிடைக்காமல் பல்கலைக்கழகமே இறங்கி வந்தது. அவருடன் பிற பெண்களுக்கும் கதவு திறந்தது. 1917-இல் பட்டம் பெற்றார். முதல் வகுப்பிலேயே மாணவர்கள் கேலியாகக் கைதட்டினர். அம்மையார் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார். பதினைந்து ஆண்டுகள் அங்கே கற்பித்தார்.

1923-இல் அவர் ஓய்வு பெற்றபோது, அமெரிக்கப் பெருநகரங்களுள் நியூயார்க்கில்தான் குழந்தை மரணம் மிகக் குறைவு. சர்வதேச சங்கத்தின் சுகாதாரக் குழுவிலும் பணியாற்றினார்; 1939-இல் தம் வரலாற்றை நூலாக எழுதி வெளியிட்டார். 1945-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் காலமானார்.