நிலநடுக்கத்தைக் கையெழுத்துப் போட வைத்தவர்!

ஒரு நூலின் நுனியில் சிறு கல்லைக் கட்டி, மறுநுனியைக் கையில் பிடித்துத் தொங்க விடுங்கள். இப்போது கையைச் சட்டென்று பக்கவாட்டில் நகர்த்துங்கள். கை நகர்ந்துவிடும்; கல்லோ ஒரு கணம் இருந்த இடத்திலேயே நிற்கும். இந்தச் சின்ன விஷயத்தை வைத்துக்கொண்டு, பூமி எப்போது ஆடியது, எவ்வளவு ஆடியது என்று உலகத்துக்கே கணக்குச் சொன்னார் ஒருவர். அவர்தான் ஜான் மில்ன்.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் 1850-ம் ஆண்டு டிசம்பர் 30-ம் தேதி பிறந்தார் மில்ன். லண்டனில் சுரங்கத் தொழில் பற்றியும் பாறைகளைப் பற்றியும் படித்தார். ஜப்பானின் டோக்கியோ நகரில் இருந்த பொறியியல் கல்லூரியில் அவருக்குப் பேராசிரியர் வேலை கிடைத்தது. எல்லோரும் கப்பலில்தான் ஜப்பான் போவார்கள். மில்னுக்கோ கப்பல் பயணம் என்றாலே தலைசுற்றல்! அதனால் 1875-ல் கிளம்பி, ரஷ்யா, சைபீரியா, மங்கோலியா, சீனா என்று பெரும்பாலும் தரை வழியாகவே பயணம் செய்தார். கடும் பனியில் பல மாதங்கள் அலைந்து, 1876 மார்ச்சில் டோக்கியோ போய்ச் சேர்ந்தார்.

ஜப்பானில் நிலம் அடிக்கடி ஆடும். 1880 பிப்ரவரி 22-ம் தேதி யோகோஹாமா நகரம் பலமாகக் குலுங்கியது. புகைபோக்கிகள் சரிந்தன. ‘இதை இனிச் சும்மா விடக்கூடாது’ என்று முடிவு செய்தார் மில்ன். அதே ஆண்டில் அவருடைய முயற்சியால் ஜப்பான் நிலநடுக்கச் சங்கம் உருவானது. நிலநடுக்கத்துக்கென்றே உலகில் தோன்றிய முதல் சங்கம் அதுதான். மில்ன், ஜேம்ஸ் யூயிங், தாமஸ் கிரே ஆகிய மூவரும் நிலநடுக்கமானிகளை உருவாக்கினார்கள். நிலம் ஆடும்போது, ஊசலில் தொங்கும் எடை உடனே ஆடாது. அந்த வித்தியாசத்தைக் கோடாகப் பதிவு செய்வதுதான் கருவியின் வேலை.

எல்லா ஊரிலும் கருவி வைக்கப் பணம் வேண்டுமே! மில்ன் ஒரு யோசனை செய்தார். டோக்கியோவைச் சுற்றியுள்ள ஊர்களின் அலுவலகங்களுக்குக் கட்டுக் கட்டாக அஞ்சலட்டைகளை அனுப்பினார். வாரம் ஒரு அட்டை; அந்த வாரம் நிலம் ஆடியதா என்று எழுதிப் போட்டால் போதும். வந்த அட்டைகளை வைத்து, எந்தப் பகுதி அதிகம் ஆடுகிறது என்று வரைபடம் தயாரித்தார்!

1891 அக்டோபர் 28-ம் தேதி நோபி சமவெளியில் பயங்கர நிலநடுக்கம். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நிலம் நீளமாகப் பிளந்து, ஓரிடத்தில் ஒரு பக்கம் சுமார் 6 மீட்டர் உயர்ந்து நின்றது. பாறைப் பிளவில் இரு பக்கமும் சறுக்குவதால்தான் நிலம் நடுங்குகிறது என்று ஜப்பானிய அறிஞர் புஞ்சிரோ கோட்டோ விளக்கினார்.

பிறகு மில்னுக்கே ஒரு சோதனை வந்தது. 1895 பிப்ரவரியில் அவரது வீடும் ஆய்வுக்கூடமும் தீக்கிரையாயின. புத்தகங்கள், கருவிகள், இருபது ஆண்டு உழைப்பு... பெரும்பகுதி சாம்பல்! வேறொருவராக இருந்தால் மனம் உடைந்து உட்கார்ந்திருப்பார். மில்ன் அப்படிச் செய்யவில்லை. ஜப்பானிய மனைவி தோனேயுடன் இங்கிலாந்து திரும்பி, வைட் தீவில் உள்ள ஷைட் என்ற சிற்றூரில் குடியேறினார். உடனே புதிய கருவியை நிறுவி, வேலையை மறுபடி தொடங்கினார்.

பெரிய நிலநடுக்கத்தின் அலைகள் பூமியைக் கடந்து எங்கும் போகும். ஓர் ஊரில் மட்டும் கருவி இருந்தால் அது எங்கே பிறந்தது என்று சொல்ல முடியாது. பல ஊர்களுக்கு அலை வந்த நேரத்தை ஒப்பிட்டால் சொல்லிவிடலாம். எனவே உலகெங்கும் தம் கருவிகளை வைக்கச் செய்தார் மில்ன். நாளடைவில் சுமார் 40 நிலையங்கள்! நம் கொடைக்கானலிலும் மில்ன் கருவி வைக்கப்பட்டது தெரியுமா? அண்டார்டிகாவுக்குக் கூட ஒன்று போனது. பல நாடுகளிலிருந்தும் பதிவுகள் அந்தச் சிற்றூருக்கு வந்து குவிந்தன. 1913 ஜூலை 31-ம் தேதி, 62-வது வயதில் மில்ன் காலமானார்.

அவரை விடாமல் துரத்திய புதிர் ஒன்று உண்டு. நிலநடுக்கமே இல்லாத நாட்களிலும் கருவியின் கோடு மெல்ல மெல்ல நடுங்கும்! காற்றும் தட்பவெப்பமும் காரணமா என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். அப்படிப்பட்ட நடுக்கங்களில் பெரும்பாலானவை காற்றும் கடலலையும் செய்யும் வேலைதான். ஆனால், பூமிக்குள்ளிருந்தே வரும் மெல்லிய நடுக்கமும் உண்டு என்பது 2002-ல் தெரிந்தது. அதைக் கண்டுபிடித்தவர் கசுஷிகே ஒபாரா. இடம், மில்ன் வாழ்ந்த அதே ஜப்பான்! நாடு முழுவதும் ஆழ்துளைகளில் இறக்கிய நூற்றுக்கணக்கான கருவிகளின் பதிவுகளை ஒப்பிட்டபோது, சுமார் 30 கிலோமீட்டர் ஆழத்தில் மணிக்கணக்காக, நாள்கணக்காக முணுமுணுப்பு கேட்டது.

அங்கே ஒரு பாறைத்தட்டு இன்னொன்றின் அடியில் புகுந்துகொண்டிருக்கிறது. சாதாரண நிலநடுக்கத்தில் பாறை சில நொடிகளில் சறுக்கிவிடும். இங்கோ அதே சறுக்கல் பல நாட்கள், வாரங்கள் எடுத்துக்கொண்டு நடக்கிறது. இதுதான் ‘மெதுவான நிலநடுக்கம்’. யாருக்கும் தெரியாது, ஒரு டம்ளர் தண்ணீர்கூடச் சிந்தாது. அதனால் ஆபத்தே இல்லை என்று நினைக்காதீர்கள். ஆழத்தில் மெல்ல நழுவும்போது, மேலே இறுகிக் கிடக்கும் பகுதியின் மீது பாரம் கூடுகிறது. அந்தப் பகுதி என்றைக்கு விடுபடும் என்று இன்றும் யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் விஞ்ஞானிகள் அந்த முணுமுணுப்பை இரவும் பகலும் கவனிக்கிறார்கள்.

அலட்சியம் செய்யத் தோன்றும் சின்னக் கோட்டையும் உற்றுப் பார்த்தவர் மில்ன். தீயில் எல்லாம் போன பிறகும் முதல் கருவியிலிருந்து தொடங்கியவர். ஒரு தோல்வியோடு புத்தகத்தை மூடி வைக்கத் தோன்றும்போது, அவரை நினைத்துக் கொள்ளுங்கள் செல்லங்களே!