நிக்கல்சன்: கூட்டுறவு வங்கியிலிருந்து கடலுக்கு

கூட்டுறவு வங்கி, பால் சங்கம்னு ஏதாவது ஒண்ணு இல்லாத ஊர் நம்ம பக்கம் உண்டா? இதற்கெல்லாம் இந்தியாவில் விதை போட்டவர்களில் முக்கியமானவர் சர் ஃபிரடெரிக் நிக்கல்சன். ஆனா அவர் கடலுக்காகவும் உழைச்சவர்னு பலருக்குத் தெரியாது.

1846-ல் பிறந்த ஆங்கிலேயர். சென்னை மாகாணத்தின் ஐ.சி.எஸ். அதிகாரி. கந்துவட்டியில் சிக்கிய விவசாயிகளுக்கு வழி தேடி ஐரோப்பியக் கிராம வங்கிகளை ஆராய்ந்தார். 1895, 1897-ல் அவர் தந்த அறிக்கைகள் 1904-ஆம் ஆண்டு கூட்டுறவுச் சட்டத்துக்கு அடித்தளமாயின.

ஓய்வு பெற்ற வயதில் மீன்வளத்தை ஆராயும் பொறுப்பை ஏற்றார். ஜப்பான் வரை போய்ப் பார்த்து வந்தார். 1907-ல் சென்னை மாகாண மீன்வளத் துறை அவர் தலைமையில் தொடங்கியது.

அப்போதே ஐரோப்பியக் கடல்களில் நீராவி இழுவைக் கப்பல்கள் மீனை அள்ளிக்கொண்டிருந்தன. அதை இங்கேயும் இறக்கியிருக்கலாம். நிக்கல்சன் அவசரப்படல. பெரிய முதலாளி வந்தா கட்டுமரக்காரர் பிழைப்பு போயிடும்; மீனவரே படிப்படியா வளரணும் என்பது அவர் நிலைப்பாடு. பிடித்த மீன் வீணாகாமல் பதப்படுத்துவது, மீன் எண்ணெய் எடுப்பது போன்றவற்றில் கவனம் செலுத்தினார். 1936-ல் காலமானார்.

பிறகு இறால் ஏற்றுமதிக்காக விசைப்படகுகள் பெருகின. இழுவலை கடலடியைச் சுரண்டும்; கடற்புல், பவளம், மீன்குஞ்சு எதுவும் தப்பாது. 1970-களில் கட்டுமரக்காரருக்கும் விசைப்படகுக்கும் மோதல் வெடித்தது. 1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, கரையிலிருந்து 3 கடல் மைல் நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கப்பட்டது. 1986-ல் 21 தீவுகளோடு மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா உருவானது.

ஆனா பூங்காவின் கட்டுப்பாடு முதலில் யார் மேல விழுது? தீவோரம் கடற்பாசி எடுக்கும் பெண்கள் மேலயும் நாட்டுப்படகுக்காரர் மேலயும்தான். விசைப்படகு எல்லை தாண்டுவதாக அவர்கள் சொல்லும் புகார் இன்னும் ஓயல.

சானமாவு காட்டுக்கு யானை வரும்போது நாம பார்க்கிறோம்ல? சுத்தியுள்ள ராகி விவசாயியைக் கைவிட்டுட்டு காட்டை மட்டும் காப்பாத்த முடியாது. கடலும் அப்படித்தான். கடனாளி விவசாயியையும் கட்டுமரக்காரரையும் மையமா வெச்சு யோசிச்ச நிக்கல்சனை, கடற்பூங்காவுக்குத் திட்டம் போடுறவங்க ஒருமுறை படிக்கணும்.