பிளக் கழற்றத் தெரிந்த கை: கொஸ்லந்தயிலிருந்து ஜி.டி. நாயுடுவை நினைத்தல்

கொஸ்லந்த நகரைத் தாண்டி வெல்லவாய பக்கம் இறங்கும் வீதியோரத்தில் மாமாவின் வீடு இருக்கிறது. நான் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, முற்றத்துக் கொய்யா மரத்தின் கீழ் பழைய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நின்றது. இரண்டே இருக்கை, துணிக்கூரை. ஒரு காலத்தில் தோட்டத்துத் துரை ஒருவர் ஓட்டிய கார். இப்போது பண்டாரவளையில் ஒருவர் ஆசைக்கு வைத்திருக்கிறார். மேடு ஏறும்போது திணறுகிறது என்று மாமாவிடம் கொண்டுவந்து விட்டிருந்தார்.

மாமாவுக்கு கராஜ் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. ஒரு பிளக் ஸ்பானர், ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், இடைவெளி அளக்கும் தகடுகள், ஒரு துண்டுத் துணி, அவ்வளவுதான். என்ஜின் நன்றாகக் குளிரும் வரை பொறுத்திருந்தார். பிறகு பிளக்கைச் சுற்றியிருந்த தூசியை ஊதித் தள்ளினார். கழற்றும்போது அந்தத் தூசி சிலிண்டருக்குள் விழுந்தால் வந்த வேலையை விடப் பெரிய வேலை வந்துவிடும். நான்கு வயர்களையும் ஒரேயடியாகப் பிடுங்கவில்லை. ஒன்றைக் கழற்றி, பிளக்கை மாற்றி, அதே வயரைத் திரும்பப் பொருத்திய பிறகுதான் அடுத்ததற்குப் போனார். வயர் மாறினால் நெருப்பு தப்பான சிலிண்டருக்குப் போகும், என்ஜின் ஓடாது.

கழற்றிய பிளக்குகளை ஒரு பலகையில் வரிசையாக வைத்தார். மூன்றின் முனை இளம் பழுப்பு நிறம். நான்காவது கன்னங்கரேலென்று எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. முதல் மூன்று சிலிண்டருக்கும் சுகம், நான்காவதில் மட்டும் ரிங் தேய்ந்து எண்ணெய் மேலே ஏறுகிறது என்றார். டொக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதைப் போல இவர் பிளக்கைப் பார்க்கிறார்.

இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். படிக்கவில்லை, பிரித்துப் பார்த்தேன் என்றார். அதோடு ஒரு பெயரையும் சொன்னார்: ஜி.டி. நாயுடு. கிளிநொச்சியில் இருந்த காலத்தில் யாரோ கொடுத்த பழைய தமிழகச் சஞ்சிகை ஒன்றில் அவரைப் பற்றி வாசித்திருக்கிறார். அன்று முதல் அவர்தான் தன் குரு என்கிறார். குரு 1974இலேயே இறந்துபோனவர்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23இல் கோயம்புத்தூருக்கு அருகே கலங்கல் என்ற கிராமத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆரம்பப் படிப்போடு நின்று, தோட்டவேலைக்குப் போனார். அந்தப் பகுதிக்கு ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்துபோவார். மாடும் இல்லாமல் மனிதனும் தள்ளாமல் ஒரு வண்டி தானாக ஓடுகிறதே என்று அந்தப் பையன் வாயைப் பிளந்து நின்றான். அதைப் பார்ப்பதோடு அவன் ஆசை அடங்கவில்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

அதற்காக ஊரை விட்டு கோயம்புத்தூருக்குப் போய் ஒரு ஹோட்டலில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார். வருடக்கணக்கில் சம்பளத்தைச் சேமித்து, அந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளையே வாங்கினார். வாங்கியவர் முதலில் செய்த காரியம், அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டது. பிறகு எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார். கழற்றுவது யாருக்கும் முடியும். எது எங்கிருந்து வந்தது என்று மனதில் வைத்திருந்து திரும்பப் பூட்டி ஓடவைப்பதுதான் படிப்பு. நாயுடுவின் பள்ளிக்கூடம் அந்த ஒற்றை வண்டிதான்.

1920இல் ஒரு பேருந்தை வாங்கி பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டத் தொடங்கினார். அந்த ஒற்றை வண்டிதான் பின்னர் யு.எம்.எஸ். என்று தென்னிந்தியா முழுவதும் தெரிந்த பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. அந்தக் காலத்து என்ஜின்கள் எண்ணெய் குடிப்பவை. பிளக்கில் கரி பிடிப்பது தினசரிப் பிரச்சினை. பேருந்தை நேரத்துக்கு ஓடவைக்க வேண்டுமானால், அதைத் திறந்து பார்த்துச் சரிசெய்யத் தெரிந்த கைகள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். முதலாளியானவர் அப்படிப்பட்ட கைகளில் ஒன்றாகவே இருந்தார்.

1930களில் ஐரோப்பாவுக்குப் போனார். உலர் மின்கலத்தில் ஓடும் சின்ன மோட்டாரைக் கொண்ட சவரக்கருவி ஒன்றை உருவாக்கினார். மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, வாக்குப்பதிவு இயந்திரம் என்று அவருடைய பட்டியல் நீளும். 1937இல் டி. பாலசுந்தரத்தோடு சேர்ந்து கோயம்புத்தூரில் மின் மோட்டார் ஒன்றைத் தயாரித்தார். இந்தியாவில் உருவான முதல் மின் மோட்டார் என்று இன்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள். அந்த நகரம் பின்னர் மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர்பெற்றதில் அந்தத் தொடக்கத்துக்குப் பங்குண்டு.

அந்தப் பட்டியலில் மாமாவுக்கு மிகவும் பிடித்தது மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி. மின்சாரம் இல்லாத வீட்டுக்குக் காற்று வேண்டும் என்று ஒருவர் யோசித்திருக்கிறார் என்பதே அவருக்குப் போதும். அது ஏன் என்பது வன்னியில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

மாமா 1977 வன்செயலுக்குப் பிறகு, பதினைந்து வயதில், தாய் தகப்பனோடு மலையை விட்டு வன்னிக்குப் போனவர். தோட்டத்து லயத்தை விட்டுப் போன எத்தனையோ குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. கிளிநொச்சியில் ஒரு கராஜில் எடுபிடியாகச் சேர்ந்தார். 1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை. அந்த நாட்களில்தான் வடக்கின் மெக்கானிக்குகள் எல்லோரும், பெயர் தெரியாமலே, நாயுடுவின் மாணவர்கள் ஆனார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். மோட்டார் சைக்கிளும் பழைய மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின.

மண்ணெண்ணெய் குளிர்ந்த என்ஜினில் இலகுவில் ஆவியாகாது. ஆகவே பொறி பட்டாலும் பற்றாது. அதற்காக ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலைப் பொக்கிஷம் போல வைத்திருப்பார்கள். சில துளியைக் காபரேட்டருக்குள் விட்டு உதைத்தால் என்ஜின் எழும்பும். சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். முழுதாக எரியாத எண்ணெய் பிளக்கில் கரியாகப் படியும். அதனால் பிளக்கைக் கழற்றித் துடைப்பது பல் துலக்குவதைப் போல அன்றாட வேலையாயிற்று. புதுப் பிளக் கிடைக்காது. இருப்பதையே உரஞ்சி, முனையைத் தட்டி இடைவெளியைச் சரிசெய்து, மீண்டும் பூட்டினார்கள். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டிகளும் பிள்ளைகளைப் பரீட்சைக்கு ஏற்றிப்போன வண்டிகளும் அப்படித்தான் ஓடின. அந்த மெக்கானிக்குகளின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நாயுடுவுக்குத் தன் அறிவு தன்னோடு போய்விடக்கூடாது என்ற கவலை இருந்தது. 1945இல் கோயம்புத்தூரில் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி உருவாக அவர் முன்னின்றார். பொறியியலுக்கு நான்கு வருடம் தேவையில்லை, கையில் வேலையைக் கொடுத்துக் கற்பித்தால் இரண்டு வருடம் போதும் என்பது அவருடைய வாதம். அரசாங்கம் ஏற்கவில்லை. அவர் பொறுப்பை விட்டு விலகினார். அந்தக் கல்லூரி பிறகு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்று பெயர் மாறி வேறிடம் போனது. ஆனாலும் அவினாசி வீதியில் அந்த இடத்தை இன்றும் மக்கள் ஹோப் காலேஜ் என்றுதான் சொல்கிறார்கள்.

அவருடைய வாதம் முழுக்கச் சரியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பாலம் கட்டுகிறவருக்கும் அணை கட்டுகிறவருக்கும் கணக்கும் கோட்பாடும் வேண்டும். கொஸ்லந்தக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அந்த மண்ணைப் பற்றிய அறிவு எங்கோ அலுவலகத்தில் இருந்ததே தவிர, லயத்தில் தூங்கியவர்களின் வாழ்க்கையை மாற்றும்படி வந்து சேரவில்லை. ஆக, படிப்பு வேண்டாம் என்பதல்ல விஷயம். படித்தவரின் அறிவும் செய்கிறவரின் கையும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். நாயுடு கேட்டதன் சாரம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அவருடைய வாழ்க்கையில் என்னை அதிகம் நிறுத்திய இடம் 1952. அந்த வருடம் அவர் பெற்றோலில் ஓடும் இரண்டு இருக்கைக் கார் ஒன்றை வெளிக்கொண்டு வந்தார். விலை 2,000 ரூபா. மாமாவின் முற்றத்தில் நின்ற துரையின் காரைப் போல அதுவும் இருவர் போகும் சின்ன வண்டிதான். ஆனால் நோக்கம் வேறு. சாதாரணக் குடும்பமும் எட்டிப்பிடிக்கும் விலையில் அது இருக்க வேண்டும் என்று நினைத்தார். அரசாங்கம் உற்பத்திக்கு அனுமதி கொடுக்கவில்லை. கார் அத்தோடு நின்றது. மோட்டார் சைக்கிளை வாங்க ஹோட்டலில் வருடக்கணக்கில் நின்றவரை, ஒரு அனுமதிப்பத்திரம் இல்லாதது நிறுத்திவிட்டது.

அனுமதிப்பத்திரம் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு ஏதோ ஒன்று நினைவுக்கு வரும். ஓமந்தையில் வரிசையில் நின்றவருக்கு ஒன்று, பிரஜாவுரிமைக் கடதாசிக்காகத் தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்த மலையகத்தவருக்கு இன்னொன்று. மாமா இரண்டு வரிசையிலும் நின்றவர். 2009இல் மெனிக்பாமிலிருந்து வெளியே வந்தபோது கையில் எந்தச் சான்றிதழும் இல்லை. முப்பது வருட வேலையை நிரூபிக்க ஒரு கடதாசியும் கிடையாது. ஒரு நிறுவனத்தில் வேலை கேட்டுப் போனபோது என்ன பாஸ் பண்ணியிருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். திரும்பி கொஸ்லந்தைக்கே வந்துவிட்டார்.

நாயுடு 1974 ஜனவரி 4இல் காலமானார். அவர் பெயரில் கோயம்புத்தூரில் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய கார்களுக்கென்று தனியான காட்சிக்கூடமும் 2015இல் திறந்தார்கள். அவரை விசித்திரப் பிறவி என்றும் இந்தியாவின் எடிசன் என்றும் சொல்கிறார்கள். இரண்டு பெயருமே அவரை நம்மிடமிருந்து தூர வைக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் தொடங்கிய இடம் ஒரு பிளக்கும் ஒரு ஸ்பானரும்தான். அந்த இடம் லயத்து முற்றத்திலும் இருக்கிறது. யுத்தத்தில் எல்லாம் இழந்த எங்கள் ஊர்களில், இன்னும் கொஞ்சக் காலம் உயிரோடு இருக்கப்போகிற அந்த வன்னி மெக்கானிக்குகளிடம் இருப்பதை யார் கேட்டு வாங்கப் போகிறோம்? அவர்களுடைய கைவேலையைச் சோதித்துப் பார்த்து ஒரு தகுதிச் சான்று கொடுக்க எத்தனை வருடம் வேண்டும்?

மாமா நான்காவது புதுப் பிளக்கை என் கையில் தந்தார். அதன் இடைவெளியை 0.6 மில்லிமீற்றருக்குத் தகடு வைத்துப் பார்த்திருந்தார். வளைக்கும்போது பக்கத்து முனையை மட்டும்தான் வளைக்க வேண்டும், நடு முனையைத் தொடக்கூடாது என்று காட்டினார். ஸ்பானரைக் கேட்டேன், தரவில்லை. முதல் சுற்றுக்களை விரலால்தான் பூட்ட வேண்டுமாம். மரை சரியாகப் பிடிக்கிறதா என்று விரலுக்குத்தான் தெரியும், ஸ்பானருக்குத் தெரியாது. மெதுவாகத் திருகினேன். ஒருமுறை கோணலாகப் போனது. கழற்றி மறுபடி வைத்தேன், பிடித்துக்கொண்டது. கடைசியில் ஸ்பானரால் அளவாக இறுக்கினார்.

சாவியைத் திருப்பியதும் கார் ஒரே தரத்தில் எழும்பியது. நான்காவது சிலிண்டரின் ரிங்கை மாற்றாவிட்டால் சில மாதத்தில் இந்தப் பிளக்கும் கறுத்துவிடும் என்று சொல்லிக்கொண்டே பழைய பிளக்குகளைத் துணியில் சுற்றினார். எதற்கு என்று கேட்டேன். பக்கத்து லயத்தில் இரண்டு பொடியன்கள் பாடசாலையை விட்டுவிட்டுச் சும்மா நிற்கிறார்களாம். அவர்களுக்கு நிறம் காட்டிக் கொடுக்க வேண்டும் என்றார்.