டாக்டர் மார்க்ஸுக்குக் கிடைக்காத வேலை

மேலாண்மையை விமர்சனக் கண்ணோடு ஆராய வரும் பிஎச்.டி. மாணவர்களுக்குக் கார்ல் மார்க்ஸின் கதையைத்தான் நான் முதலில் சொல்வேன். இந்த மலரிலும் சொல்லிடறேனே!

1818-இல் ஜெர்மனியின் ட்ரியர் நகரில் பிறந்தவர். பெர்லினில் படிக்கும்போது புரூனோ பாவர் என்ற இளம் ஆசிரியர் வழிகாட்டியாக அமைந்தார். பிறகு பான் பல்கலைக்கழகத்துக்குப் போன அவர், ஆய்வேட்டை முடித்துக்கொண்டு அங்கே வரும்படி மார்க்ஸைத் தூண்டினார். 1841-இல் ஜேனா பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தந்தது. ஆனா 1842-இல், மதத்தை விமர்சித்து எழுதியதால் பாவரின் கற்பிக்கும் உரிமை பறிபோச்சு. குருவுக்கே இடமில்லை, சிஷ்யனுக்கு ஏது?

மார்க்ஸ் கடைசிவரை பேராசிரியர் ஆகவில்லை. கொலோனில் அவர் ஆசிரியராக இருந்த பத்திரிகையையும் 1843-இல் மூடினார்கள். லண்டனில் வறுமை. மான்செஸ்டர் பஞ்சாலை நிறுவனத்தில் வேலை பார்த்த நண்பர் ஏங்கெல்ஸ் பணமும் தந்தார், தொழில் நடக்கும் விதத்தையும் விளக்கினார். 1867-இல் 'மூலதனம்' முதல் தொகுதி வெளிவந்தது. எங்கள் துறையின் வேர்களில் ஒன்று அது.

தம்பி தங்கைகளே, ஒரே கைடை மட்டும் நம்பி நிற்காதீங்க. ஆலையிலும் வங்கியிலும் இருக்கும் பழைய மாணவ நண்பர்களே, கதவைத் தட்டும் ஆய்வு மாணவருக்கு நீங்களும் ஓர் ஏங்கெல்ஸாக இருங்களேன்!