சிவப்பு இலைச் செடிக்குப் பெயர் தந்தவர்

ஆரணியில் பட்டு நூல் சிவக்க வேண்டுமானால் சூடான சாயத்தில் முக்கி எடுக்க வேண்டும். ஆனால் ஒரு செடி, சாயம் எதுவும் இல்லாமலே, மார்கழி மாதத்தில் தன் இலைகளைச் சிவப்பாக்கிக்கொள்கிறது. அதுதான் பாயின்செட்டியா. பார்ப்பவர்கள் அதைச் சிவப்புப் பூ என்றே நினைப்பார்கள். உண்மையில் அது இலை. பூ நடுவில் மஞ்சளாக இருக்கும். சுண்டைக்காய் அளவுகூட இராது.

அந்தப் பெயர் ஒரு மனிதரிடமிருந்து வந்தது. ஜோயல் பாயின்செட் 1779-ல் அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை டாக்டர். மகனும் வைத்தியம் படிக்க எடின்பரோ நகருக்குப் போனார். உடம்பு இடம் கொடுக்கவில்லை. படிப்பு பாதியில் நின்றது. பிறகு தேசம் தேசமாகச் சுற்றினார். ரஷ்யச் சக்கரவர்த்தியைக்கூடக் கண்டு பேசினார்.

1825-ல் மெக்சிகோவுக்கு அமெரிக்கத் தூதராகப் போனார். தூது சொல்வதோடு அவர் நிற்கவில்லை. அந்த நாட்டுக் கட்சிச் சண்டையில் தலையிட்டார். டெக்சாஸ் பகுதியை விலைக்குக் கேட்டார். மக்களுக்குக் கோபம் மூண்டது. பிறர் காரியத்தில் மூக்கை நுழைப்பதற்கு அவர் பெயராலேயே அங்கு ஒரு சொல் உண்டாகிவிட்டது! அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளும்படி 1829-ல் மெக்சிகோ அரசு கேட்டது.

அந்த நாட்டில் இருந்தபோதுதான் இந்தச் செடி அவர் கண்ணில் பட்டது. செடி கொடி என்றால் அவருக்கு உயிர். மெக்சிகோ மக்களுக்கு அது புதிதல்ல. பழங்கால ஆஸ்டெக் மக்கள் அதிலிருந்து துணிக்குச் சாயம் எடுத்தார்கள். பாயின்செட் அதை அமெரிக்காவுக்கு அனுப்பினார். 1829-ல் பிலடெல்பியா மலர்க் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. 1836-ல் ராபர்ட் கிரகாம் என்ற தாவர அறிஞர் அதற்குப் பாயின்செட்டியா என்று பெயர் சூட்டினார். அவர் இருந்த ஊர் எடின்பரோ. பாயின்செட் படிப்பை முடிக்காமல் விட்டுவந்த அதே ஊர்!

பனி பெய்யும் நாட்டில் இதை வளர்க்கக் கண்ணாடி வீடு வேண்டும். நமக்குக் கொல்லைச் சுவரோரம் போதும். வெயில் பட வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. கிளையை வெட்டி நட்டாலே துளிர்க்கும். வெட்டிய இடத்தில் வடியும் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: நீண்ட, இருட்டான இரவுகள் வந்தால்தான் இலை சிவக்கும். தறி விளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியாக இரவெல்லாம் அதன்மேல் விழுந்தால், செடி பச்சையாகவே நின்றுவிடும்.

பாயின்செட் 1837 முதல் 1841 வரை யுத்த மந்திரியாக இருந்தார். அந்தக் காலத்தில்தான் செரோக்கி இன மக்களைப் பட்டாளம் சொந்த மண்ணிலிருந்து விரட்டியது. வழியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். செடியிடம் காட்டிய பரிவை அவர் மனிதரிடம் காட்டவில்லை.

1851 டிசம்பர் 12-ல் அவர் காலமானார். அமெரிக்காவில் அந்த நாள் பாயின்செட்டியா தினம். மெக்சிகோவிலோ செடிக்கு அவர் பெயர் இல்லை. அங்கே அது நோச்செபுவேனா. கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவின் பூ.