ஏரி ஏன் வற்றியது?



சென்ற பொதுக்குழுவில் நம் கிணற்று நீர் இறங்குவது பற்றி ஆளுக்கொரு காரணம் சொன்னோம். பக்கத்துக் கட்டடத்து போர்தான் இழுக்கிறது என்று அடித்துப் பேசியவர்களில் நானும் ஒருவன். வீட்டுக்கு வந்ததும் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் நினைவுக்கு வந்தார்.

1769-ல் பெர்லினில் பிறந்தவர். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். படித்து முடித்து, பிரஷ்ய அரசில் சுரங்க ஆய்வாளர் ஆனார். நல்ல உத்தியோகம். ஆனால் 1796-ல் தாய் காலமாகிப் பெரிய சொத்து கைக்கு வந்ததும் வேலையை விட்டுவிட்டார். (என்னைப் போன்ற வங்கிக்காரனுக்கு இது ஜீரணமாகாத விஷயம்.) சொத்தைப் பயணத்தில் போட்டார். 1799-ல் போன்ப்ளான் என்ற தாவரவியலாளருடன் தென் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

1800-ல் வெனிசுவேலாவின் வலென்சியா ஏரிக்குப் போனார்கள். ஏரி சுருங்கிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் இருந்த மேடுகள் தீவுகளாக வெளியே தெரிந்தன. பூமிக்கடியில் ஏதோ ஓட்டை, அது வழியாகத் தண்ணீர் போகிறது என்பது ஊர்க்காரர்களின் நம்பிக்கை. ஹம்போல்ட் சுற்றுவட்டாரத்தையே பார்த்தார். அவுரி, கரும்பு சாகுபடிக்காக மலைச்சரிவுக் காடுகளை வெட்டியிருந்தார்கள். ஏரிக்கு வரும் ஓடைகளைத் தோட்டங்களுக்குத் திருப்பியிருந்தார்கள். மரம் போனதால் மழைநீர் மண்ணில் ஊறாமல் ஒரேயடியாக ஓடிற்று, மேல்மண்ணையும் அரித்துக்கொண்டு போயிற்று. ஓட்டை எதுவும் இல்லை. வரவு குறைந்துவிட்டது, அவ்வளவுதான். மனிதர் செய்யும் வேலை ஒரு வட்டாரத்தின் நீரையும் காற்றையும் மாற்றும் என்று அந்தக் காலத்திலேயே எழுதி வைத்தார்.

பிறகு 1802-ல் சிம்போராசோ மலையில் 5,800 மீட்டருக்கு மேல் ஏறினார். 1804-ல் ஐரோப்பா திரும்பினார். புத்தகங்களை அச்சிட்டதில் மீதிச் சொத்தும் கரைந்தது. இமயமலையைப் பார்க்கப் பெரிய ஆசை. கிழக்கிந்தியக் கம்பெனி கடைசிவரை அனுமதி தரவில்லை. 1859-ல், 89 வயதில் பெர்லினில் காலமானார்.

ஏரிக்கு வருகிறேன். 1822 வாக்கில் பூசிங்கோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அங்கே போனார். ஏரி ஏறியிருந்தது! ஹம்போல்ட் பார்த்த தீவுகளில் சில மறுபடி மூழ்கிக் கிடந்தன. இடையில் நடந்த விடுதலைப் போரில் தோட்டங்களில் வேலை செய்ய ஆளில்லாமல் போனது. வயல்களில் காடு மண்டிற்று, ஓடைகள் பழையபடி ஏரிக்கே வந்தன.

இந்த மாதம் முதல் நம் கிணற்றில் கயிறு விட்டு அளந்து, ஞாயிறுதோறும் ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். நோட்டு வாட்ச்மேன் மேஜையில் இருக்கிறது. மொட்டைமாடி மழைநீர் எந்தக் குழாய் வழியே தெருவுக்குப் போகிறது என்று தெரிந்தவர்கள் அதில் ஒரு வரி எழுதுங்கள்.