பொறியின் நேரத்தைத் தேடியவர்

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாத்தாவிடம் பழைய அம்பாசிடர் கார் ஒன்று உண்டு. சென்ற கோடை விடுமுறையில் அதில் நாங்கள் ஐந்து பேர் கொடைக்கானலுக்குப் புறப்பட்டோம். மலை ஏறுமுன் இழுவை போதவில்லை என்று தாத்தா போனட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, ஒரு நூல் அளவு திருப்பி வைத்தார். கார் முன்னிலும் துடிப்பாகத்தான் கிளம்பியது. ஆனால் முதல் ஏற்றத்திலேயே இஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் ஓசை எழுந்தது. தாத்தா இறங்கி, திருப்பியதில் பாதியைத் திரும்பக் குறைத்தார். தட்டல் நின்றது. இது என்ன மாயம் என்று கேட்கப்போய், ஒரு மனிதரின் வரலாறே எங்களுக்குக் கிடைத்தது. அவர்தாம் சார்லஸ் கெட்டரிங்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், லவுடன்வில் என்னும் சிற்றூருக்கு அருகே 1876-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் ஒரு குடியானவர் வீட்டில் கெட்டரிங் பிறந்தார். சிறு வயது முதலே கண்பார்வை குறைவு. சற்று நேரம் படித்தால் தலைவலி வந்துவிடும். பள்ளி ஆசிரியராகச் சிறிது காலம் பணியாற்றிய பின் கல்லூரியில் சேர்ந்தார். கண் நோயால் படிப்பை விட்டுவிட்டுத் தொலைபேசிக் கம்பம் நடக் குழி தோண்டும் குழுவில் வேலை செய்தார். மீண்டும் கல்லூரி சென்றபோது அறைத் தோழர்கள் பாடங்களை வாசித்துக் காட்டினர். இவ்வாறு 1904-இல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 27. தேர்வுக்கு முதல் நாள் தலைவலி என்று படுத்துக்கொள்ளும் எங்களுக்கு இது சற்று உறைக்கத்தான் செய்தது.

டேட்டன் நகரில், கடைகளில் கல்லாவாகப் பயன்படும் எந்திரங்களைச் செய்யும் நிறுவனத்தில் வேலைக்கு அமர்ந்தார். கையால் சுற்றி வந்த அந்த எந்திரத்தைச் சிறிய மின் மோட்டாரால் இயங்கச் செய்தார். மாலை வேளைகளில், நண்பர் எட்வர்டு டீட்ஸ் வீட்டுக் களஞ்சியத்தில் சில தோழர்களுடன் காரின் இக்னிஷனை ஆராய்ந்தார். 1909-இல் காடிலாக் நிறுவனம் 8,000 இக்னிஷன் தொகுதிகள் வேண்டும் என்று கேட்டது. டெல்கோ நிறுவனம் பிறந்தது இப்படித்தான்.

தாத்தா எங்களுக்கு விளக்கிய செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலேறிப் பெட்ரோல் ஆவியையும் காற்றையும் அழுத்துகிறது. அப்போது ஸ்பார்க் பிளக்கில் பொறி விழ வேண்டும். பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு பொறி விழுந்தால் போதாது. தீ பரவுவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள் பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கிவிடும். நிமிடத்திற்கு 3,000 சுற்று ஓடும் இஞ்சினில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் விநாடியில் 50-இல் ஒரு பங்குதான். ஆகவே உச்சிக்கு முன்னதாகவே பொறி விழ வேண்டும். வேகம் கூடக் கூட இன்னும் முன்னதாக விழ வேண்டும். பழைய கார்களில் இதற்கென்றே ஸ்டியரிங் அருகே ஒரு நெம்புகோல் இருந்தது. பின்னாளில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் சிறு எடைகளே இதைப் பார்த்துக்கொண்டன.

அந்தக் காலத்தில் காரை ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். நெம்புகோலைப் பின்தள்ள மறந்தால், பிஸ்டன் ஏறி முடிக்குமுன்னே பொறி விழுந்து ஹேண்டில் எதிர்ப்புறம் திரும்பி அடிக்கும். மணிக்கட்டு முறிந்தவர் பலர். பெண்கள் கார் ஓட்டத் தயங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மோட்டாரால் கிளப்பலாமே என்றால், அம்மோட்டார் இஞ்சின் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்றனர் வல்லுநர். கெட்டரிங் தம் கல்லா எந்திரத்தை நினைத்துப் பார்த்தார். சில விநாடி மட்டும் உழைக்க வேண்டிய மோட்டார் சிறியதாக இருந்தாலும் தன் அளவுக்கு மீறிய பாரத்தைத் தாங்கும் அல்லவா? 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்கள் செல்ஃப் ஸ்டார்ட்டருடன் வந்தன.

தாத்தாவின் கார் போட்ட அந்தத் தட்டல் கெட்டரிங்கையும் விடவில்லை. பொறியை முன்னே தள்ளினாலும், அழுத்தத்தைக் கூட்டினாலும் சக்தி பெருகும். ஓர் எல்லைக்கு மேல் தட்டலும் வரும். பலர் அவருடைய இக்னிஷன்மீதே பழி போட்டனர். அவருடைய உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லி ஆராய்ந்து, குற்றம் எரிபொருளில்தான் என்று கண்டார். பொறி விழுந்த பிறகு, எரியாமல் மிஞ்சிய பகுதி தானே வெடிப்பதுதான் அந்தத் தட்டல். 1921 டிசம்பரில் ஈயம் சேர்ந்த ஒரு திரவத்தைப் பெட்ரோலில் சிறிதளவு கலந்ததும் தட்டல் அடங்கியது.

இங்கேதான் எங்களுக்குள் சச்சரவு எழுந்தது. ஈயம் நஞ்சு என்பது அன்றே தெரியும். ஆல்கஹால் கலந்தாலும் தட்டல் குறையும் என்பதும் கெட்டரிங் அறிந்ததே. ஆயினும் ஈயப் பெட்ரோலை விற்க அமைந்த நிறுவனத்திற்கு அவரே தலைவரானார். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சி ஆலை ஒன்றில் அந்தத் திரவத்தால் தொழிலாளர் ஐவர் மாண்டனர். மறு ஆண்டு வாஷிங்டனில் கூடிய மாநாட்டில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முதல் பெண் ஆசிரியரான டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் ஈயம் கூடாது என்று எதிர்த்துப் பேசினார். அவர் பேச்சு எடுபடவில்லை. கெட்டரிங்கைப் பற்றி எழுதவே வேண்டாம் என்றாள் எங்களில் ஒருத்தி. செல்ஃப் ஸ்டார்ட்டர் இல்லாவிட்டால் உன் அம்மா கார் ஓட்டியிருக்க மாட்டார் என்றாள் மற்றொருத்தி. இரண்டையும் எழுதுவது என்று முடிவு செய்தோம்.

கெட்டரிங் 1947 வரை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவை நடத்தினார். ரயில்களுக்கான டீசல் இஞ்சின் அங்கே வளர்ந்தது. நியூயார்க்கில் 1945-இல் நிறுவப்பட்ட புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஸ்லோன் பெயரோடு இவர் பெயரையும் தாங்குகிறது. மறு ஆண்டே அவர் மனைவி ஆலிவ் அம்மையார் புற்றுநோயால் இறந்தார். 1958 நவம்பர் 25-ஆம் நாள் கெட்டரிங் காலமானார்.

ஆலிஸ் ஹாமில்டன் 101 வயது வரை வாழ்ந்து 1970-இல் மறைந்தார். ஈயப் பெட்ரோலை இந்தியா 2000-இல் கைவிட்டது. உலகில் கடைசியாக அதை நிறுத்திய நாடு அல்ஜீரியா, ஆண்டு 2021. அவ்வாண்டு எங்களில் யாரும் உயர்நிலை வகுப்புக்கு வந்திருக்கவில்லை.